சாவி என்னிடம் இருந்தது

லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்தான் ஊரிலேயே அதிகம் மாடிப்படி ஏறுகிறவன். நாங்கள் போகிற இடத்தில் லிஃப்ட் ஓடாது. ஓடினால் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். முட்டி இப்படி ஆனது அதனால்தான். உட்காரச் சொன்னதற்கு நன்றி ஐயா.

நான் வந்தது அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் விஷயமாக. அவரை நீங்கள் பிடித்து வைத்திருப்பது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி எங்கள் சபைக்கு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டும் பிரசங்கமும் முடியும்வரை காத்திருந்து, பிறகு என்னிடம் வந்தாள். அழவில்லை.

"தம்பியப் பறிகொடுத்துட்டு நிக்கிறீங்க, உங்ககிட்ட நான் இதக் கேக்கக் கூடாது. ஆனா எங்க வீட்டுக்காரர் அந்த ஸ்விட்சத் தொடவே இல்லைங்க. நீங்க மேலதான இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க."

"பாக்குறேம்மா" என்றேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அப்படி ஒன்று என் பொருட்டு நடக்கக் கூடாது. நான் பொய் பேசுகிறவன் இல்லை. அன்று நீங்கள் கேட்டபோதும் பொய் சொல்லவில்லை. மெஷின் ரூமுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டீர்கள். வாட்ச்மேன் வந்தார் என்றேன், வந்தார். அப்போது நீங்கள் எங்கே என்று கேட்டீர்கள். மொட்டை மாடியில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்றேன், அதுவும் உண்மை. ஸ்விட்சுப் பூட்டின் சாவியைப் பற்றிக் கேட்டபோது, லிஃப்ட் குழியில் இறங்குகிறவன் பையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி என்றேன். விதி அதுதான். நீங்கள் தலையாட்டிவிட்டு, வாட்ச்மேனிடம் மாற்றுச் சாவி இருந்திருக்கும் என்று நீங்களாகவே முடிவுக்கு வந்துவிட்டீர்கள். அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் அப்பாவும் லிஃப்ட் மெக்கானிக்தான். சபையில் மூப்பர். வேலையையும் விசுவாசத்தையும் அவர் எங்களுக்கு ஒரே முறையில்தான் கற்றுக்கொடுத்தார். லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உச்சியில் மெஷின் ரூமில், மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நிற்பான். இன்னொருவன் அடியில், பெட்டி வந்து இறங்குகிற குழிக்குள் இருப்பான். கீழே இருக்கிறவன் எதைச் சொன்னாலும் மேலே இருக்கிறவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "நிறுத்து" என்றால் "நிறுத்து". "போடு" என்றால் "போடு". திருப்பிச் சொன்ன பிறகுதான் கை ஸ்விட்சுக்குப் போகலாம். நடுவில் உன் புத்தியை நுழைக்காதே என்பார் அப்பா.

வீட்டில் வேதம் வாசிக்கும்போதும் இதே கதைதான். அவர் ஒரு கட்டளையை வாசிப்பார், நானும் தம்பியும் திருப்பிச் சொல்ல வேண்டும், சாயங்காலம் அதைச் செய்தோமா என்று கேட்பார். செய்தேன் என்று நான் சொல்வேன். தம்பி பாதி நாள் என்ன கட்டளை என்பதையே மறந்திருப்பான். அப்பாவுக்குக் கோபம் வராது, சிரிப்பு வந்துவிடும். அவன் முகம் அப்படி. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் சிரித்த பிள்ளைக்கும் கிடைத்தது.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் அப்பா எங்கள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார். முதலில் பெரியவன், பிறகு சின்னவன். கனத்த கை அது. விரல் இடுக்கில் கிரீஸ் வாசனை இருக்கும், எந்த சோப்புக்கும் போகாது. அந்தக் கை தலைமேல் இருக்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பிக்குக் குடிப்பழக்கம் வந்தது அம்மா இறந்த பிறகு. ஒரு நாள் அப்பாவின் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான், அப்புறம் அவனே வராமல் போனான். அன்றைக்கு ஜெபம் முடிந்ததும் நான் வழக்கம்போல அப்பா முன்னால் மண்டியிட்டேன். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சின்னவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் இந்தக் கை யார் தலையிலயும் போகாதுடா. என் மனசு ஆறல" என்றார்.

சரிப்பா என்று எழுந்துவிட்டேன். மூத்தவன் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

அவன் போவான், வருவான், சபையில் எல்லோர் முன்னாலும் அழுது சாட்சி சொல்வான், சில மாதம் நன்றாக இருப்பான், மறுபடியும் போவான். பின்மாற்றம் என்று எங்கள் சபையில் இதற்குப் பெயர். வேதாளம் முருங்கை மரம் ஏறிடுச்சு என்று என் மனைவி அவள் பாஷையில் சொல்வாள். அந்த வருஷங்களில் அப்பாவின் வாடிக்கைக் கட்டடங்கள் எல்லாவற்றையும் நான்தான் ஓட்டினேன். அப்பாவுக்குப் பார்வை மங்கி, பிறகு முழுக்கப் போய், படுக்கையோடு ஆனார். குளிப்பாட்டியவன் நான், நகம் வெட்டியவன் நான், வேதம் வாசித்துக் காட்டியவன் நான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் விஷயத்தில், வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அஞ்சினேன், யார் கையில் அடிபட்டு அவனைத் தூக்கி வருகிறார்களோ என்று.

கடைசியாக அவன் வந்தது போன வருஷத்துக்கும் முந்தின மழைக்காலத்தில். வாசலில் நனைந்துகொண்டு நின்றான். நான் துண்டு எடுக்க உள்ளே போன நேரத்தில் அவன் நேராக அப்பாவின் அறைக்குப் போய்விட்டான். நான் துண்டோடு திரும்பியபோது அப்பாவின் கை அவன் ஈரத்தலைமேல் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை எழுந்திருக்கிறது. நான் கதவருகே நின்றேன். என் முறையும் வரும் என்று நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்கு அழுது களைப்பாகி, அப்படியே தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவன் போய்த் தலையைக் குனிவான், அவர் கைவைப்பார். என்னை அவர் கூப்பிடவில்லை. குளிப்பாட்டுவதும் வேதம் வாசிப்பதும்கூட அவன் கைக்குப் போனது, நானும் போய் நிற்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது.

கெட்டுப்போய்த் திரும்பி வந்த இளைய மகனின் கதையைப் போதகர் அந்த வாரமே பிரசங்கித்தார். எல்லோரும் தம்பியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் கதையில் ஒரு மூத்த மகன் வருகிறான். வயலிலிருந்து வருகிறான், கோபித்துக்கொள்கிறான், அப்பா சமாதானம் சொல்கிறார், அதோடு கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்பதைப் பற்றி எந்தப் போதகரும் பேசி நான் கேட்டதில்லை. வயலுக்குத்தான் போயிருப்பான். வேறு யார் போவது.

எனக்குத் தம்பிமேல் பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அவனை எனக்குப் பிடிக்கும். வேலையில் அவன் கை என் கையைவிட நல்ல கை. நான் அரைநாள் தேடுகிற பழுதை அவன் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவான். எங்கள் இருவருக்கும் அப்பாவின் குரல். அம்மாவே போனில் எங்களை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள். குழிக்குள்ளிருந்து அவன் குரல் மேலே வரும்போது நானே என்னிடம் பேசுவது போல இருக்கும். அவன் திரும்பி வந்ததில் எனக்குப் பாதி வேலை மிச்சம். முட்டிக்கும் நல்லது.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். மெயின் ஸ்விட்சை அணைத்ததும் அதன் கைப்பிடியில் ஒரு பூட்டைப் போடுவோம். பூட்டுக்கு ஒரே சாவி. அது குழியில் இறங்குகிறவன் பையில் போக வேண்டும். அவன் வெளியே வந்து, மேலே ஏறி வந்து, தன் கையால் திறந்தால்தான் மின்சாரம். அப்பா வைத்த விதி. ஆனால் தம்பி குடித்த நாளில் ஒருமுறை சாவியைத் தொலைத்துவிட்டான். ஒரு கட்டடம் முழுக்கப் படியேறிக்கொண்டு எங்களைத் திட்டியது. திரும்பி வந்தபிறகு முதல் வேலையிலேயே அவன் சாவியை என்னிடம் நீட்டினான்.

"விதிப்படி உன்கிட்டதான்டா இருக்கணும்" என்றேன்.

"என் பைய நானே நம்பல அண்ணா. உன்கிட்ட இருந்தா கடவுள்கிட்ட இருக்கிற மாதிரி."

அன்றிலிருந்து அவன் இறங்கும்போதெல்லாம் சாவி என் சட்டைப் பையில். அவன் அதைத் தாழ்மையாக நினைத்தான். இதைப் பற்றிக் கேள்விப்பட்டு, போதகர் பிரசங்கத்திலும் சொன்னார். நம் சாவியை இப்படித்தான் ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு இருட்டில் இறங்க வேண்டும் என்றார். சபையில் பலர் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்கள். அப்பாவிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. விதியை மீறினால் அவருக்குப் பிடிக்காது.

ஒரு வருஷம் தாண்டியும் தம்பி குடிக்கவில்லை. என் மனைவிகூட முருங்கை மரத்தை விட்டுவிட்டாள். எனக்குத்தான் நாளாக நாளாகப் பயம் கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் அவன் சில மாதத்தில் விழுந்துவிடுவான், அது தரையில் விழுவது. இப்போது ஆறாவது மாடிக்கு ஏறிவிட்டான். இங்கிருந்து விழுந்தால் என்ன மிஞ்சும். லிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும்.

போதகர் அடிக்கடி சொல்கிற ஒரு விஷயம் என் மனத்தில் இருந்தது. மனிதன் எத்தனை முறை விழுந்தான், எத்தனை முறை எழுந்தான் என்பதல்ல, சாவு வந்து தட்டும்போது எந்த நிலையில் இருக்கிறான் என்பதே நித்தியத்தைத் தீர்மானிக்கும் என்பார். எல்லோரும் ஆமென் என்பார்கள். ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். நான் அப்படி இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அதைச் செய்ய வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று பல வாரம் யோசித்தேன்.

சம்பவத்துக்கு முந்தின ஞாயிறு சபையில் தம்பியைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அவன் அழவில்லை, அதுவே புதுசு. சிரித்த முகமாகப் பேசினான். என்னைப் பெயர் சொல்லாமல், "எங்க அண்ணன் மட்டும் என்னைக் கைவிட்டிருந்தா நான் இல்ல" என்றான். வீட்டுக்கு வரும் வழியில், "அண்ணா, இந்தத் தடவ விழமாட்டேன்னு தோணுது. பயமே இல்ல" என்றான். நான் அவனைப் பார்த்தேன். விழுவதற்கு முன்னால் வருகிற பெருமை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இப்போது சுத்தமாக இருக்கிறான், இதைவிடச் சுத்தமாக இனி இருக்க மாட்டான். அவனுக்காக யாராவது கணக்கை இந்த இடத்தில் முடித்துவைத்தால் அவன் ஆத்துமா தப்பிக்கும். முடித்துவைக்கிறவனின் ஆத்துமா என்ன ஆகும் என்றும் யோசித்தேன். தம்பிக்காக அதையும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். இதற்குமேல் ஒரு அண்ணன் என்ன கொடுக்க முடியும், சொல்லுங்கள்.

அந்தக் கட்டடம் உங்களுக்குத் தெரியும். ஆறு மாடி, பழசு, கீழிருந்து மேல்வரை டாக்டர்கள். பல், கண், எலும்பு. எலும்பு டாக்டரை ஐந்தாவது மாடியில் வைத்தது யார் யோசனையோ. லிஃப்ட் நின்றால் நோயாளிகள் வாட்ச்மேனைப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அன்று குழியில் இருக்கிற சிவப்பு நிறுத்துப் பொத்தான் பழுது. குழிக்குள் போகிறவன் முதலில் அதைத்தான் அழுத்துவான், அதன்பின் லிஃப்ட் அசையாது. அதையே மாற்ற வேண்டியிருந்ததால் மெயின் ஸ்விட்ச் ஒன்றுதான் பாதுகாப்பு. பெட்டியை முதல் மாடியில் நிறுத்தினோம். நான் மேலே போய் ஸ்விட்சை அணைத்துப் பூட்டினேன். தம்பியும் கூடவே ஏறி வந்தான், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான், சாவியை என் சட்டைப் பையில் போட்டு மேலே ஒரு தட்டுத் தட்டினான். பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான்.

கீழ்த்தளத்துக் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. அது இரண்டாவது பாதுகாப்பு. ஆனால் நோயாளியோடு வந்த ஒரு குழந்தை எட்டி எட்டிப் பார்க்கிறது, விழுந்து வைக்கும் என்று அவனே உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டான். "அண்ணா, கதவைச் சாத்திட்டேன்" என்று சொன்னான். "கதவைச் சாத்திட்ட" என்று நான் திருப்பிச் சொன்னேன். குழந்தையைப் பற்றி யோசிக்கிறவனாக இருந்தான் பாருங்கள். அந்த அளவு நல்ல நிலை.

நான் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருந்தது, அங்கே மண்டியிட்டேன். மகனைப் பலியிட மலைமேல் கை ஓங்கிய தகப்பனுக்கு, நிறுத்து என்று ஒரு குரல் வந்தது அல்லவா. எனக்கும் அப்படி ஒரு குரல் கொடுங்கள், கேட்டால் அப்படியே நிறுத்திவிடுகிறேன் என்று ஜெபித்தேன். உண்மையாகவே ஜெபித்தேன் ஐயா. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட இருந்தது. அப்போதுதான் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"எப்ப சார் ஓடும்? கீழ என்னைக் கொல்றாங்க சார்."

"கொஞ்ச நேரத்துல ஓடிடும்."

அவர் மெஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார், ஸ்விட்ச் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கினார், போய்விட்டார். அவர் கைரேகை அங்கே கிடைத்தது என்றால் அதனால்தான். நான் தொட்டியருகே இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். புறாக்களின் சத்தம் கேட்டது, கீழே தெருவில் ஆரன் சத்தம் கேட்டது. நான் கேட்ட குரல் வரவில்லை.

மெஷின் ரூமுக்கு வந்தேன். சாவி பையில் இருந்தது. பூட்டைத் திறந்து சன்னல் விளிம்பில் வைத்தேன். தம்பி வேலையை முடித்திருந்தான். அவன் குரல் லிஃப்ட் ஓடுகிற கிணறு வழியாக மேலே வந்தது.

"அண்ணா, புதுசு மாட்டிட்டேன். போடாத. இன்னும் உள்ளதான் இருக்கேன்."

அப்பா கற்றுக்கொடுத்தபடி அப்படியே திருப்பிச் சொன்னேன். "போடாத. இன்னும் உள்ளதான் இருக்க."

அவனுக்கு அது போதும். திருப்பிச் சொல்லியாகிவிட்டது, அண்ணன் மேலே இருக்கிறான். புதுப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வர வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றியிருக்காது. கருவிகளைப் பையில் போடுகிற சத்தம் கேட்டது. முணுமுணுப்பு மறுபடி ஆரம்பித்தது, அது சபையில் நாங்கள் பாடுகிற பாட்டுதான் என்று இப்போது தெரிந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே ஒருவன் போவது எவ்வளவு பெரிய பாக்கியம். நிறுத்தச் சொல்லி வேறு ஏதாவது குரல் வருகிறதா என்று கடைசியாக ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்டேன். எதுவும் வரவில்லை. ஸ்விட்சைப் போட்டேன்.

கீழே யாராவது லிஃப்டைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். காத்திருக்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான். பழைய கட்டடம், குழி ஆழமில்லை. மிச்சத்தை உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவுதான் ஐயா. வாட்ச்மேன் எதையும் தொடவில்லை. பூட்டியவன் நான், திறந்தவன் நான், போட்டவன் நான். அவரை இன்றே அனுப்பிவிடுங்கள். அந்த அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுக்காத குறைதான்.

என்னைப் பொறுத்தவரை நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த முணுமுணுப்பு கேட்கிறது, எழுந்துவிடுகிறேன். ஆனால் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், இனி அவன் விழவே முடியாது. அதை நினைத்துத் தேற்றிக்கொள்கிறேன். அவனுக்காகத்தான் செய்தேன். இதில் எனக்கென்று நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது. முழுக்கச் சொல்ல வேண்டும் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இதயம் பலவீனமாக இருக்கிறது, இப்போது சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், போதகரும் ஆமோதித்தார். அடக்கம் நடந்த அன்றுகூட அவர் படுக்கையில், சபையில் ஏதோ விசேஷ ஜெபம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் உங்கள் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போனேன். கைகால் கழுவிவிட்டு அப்பாவின் அறைக்குள் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவர் தலையைத் திருப்பினார்.

"சின்னவனா?"

நான் எதுவும் சொல்லவில்லை. கட்டிலருகே மண்டியிட்டுத் தலையைக் குனிந்தேன், அவ்வளவுதான். மௌனம் பொய்யாகாது. கை வந்தது. இளைத்துப்போயிருந்தது, ஆனால் அதே கை. வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் அந்த கிரீஸ் வாசனை இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான் அழுதுவிட்டேன். சின்னவன் எதற்கோ மனம் கசிந்து அழுகிறான் என்று அவர் நினைத்திருப்பார், அவன் அப்படி அழுகிறவன்தான். ஆசீர்வாதம் முழுவதையும் சொல்லி முடித்தார். முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"பெரியவன நாளைக்கு என்கிட்ட வரச் சொல்லுடா" என்றார். "அவன் தலைல கை வச்சு எத்தனை வருஷம் ஆச்சு. நீ வந்தன்னிக்கே வச்சிருக்கணும், தூங்கிட்டேன். அப்புறம் அவனா வந்து கேப்பான், கேப்பான்னு இருந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு எனக்கு. நீ போய்ச் சொல்லு, அவன் உன் பேச்சைக் கேப்பான்."

"சொல்றேம்பா" என்றேன்.

கதவருகே என் மனைவி அப்பாவின் மாத்திரையோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது. மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை.

தினமும் சாயங்காலம் போகிறேன். தினமும் சின்னவனா என்பார், நான் குனிவேன், கை வரும். தினமும் பெரியவன் ஏன் வரவில்லை என்று கேட்கிறார், வேலையா, கோபமா என்று கேட்கிறார். நேற்று, அவனைக் கையைப் பிடித்தாவது கூட்டிக்கொண்டு வா என்றார். அவர் ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் ஆசைதான், அப்பா என்று நானாகவே ஒருநாள் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று. ஆனால் பெரியவனாகப் போய் நின்றால், தம்பி எங்கே என்றுதான் முதலில் கேட்பார். எனக்குத்தான் பொய் சொல்ல வராதே ஐயா.